மஞ்சப்பைக் கிழிசல் கட்டிய மரம்

பூத்தேடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையில் கிடைத்த பூவைத் தலையில் வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம். நான் வைத்திருக்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும், இப்போது எனக்காக எந்த ஜீப்பும் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கவில்லை. நீங்களும் நிதானமாகவே படியுங்கள். நம் ஆபீசின் இரும்பு பீரோக்களில், தருமபுரி ஜில்லாச் செடிகள் என்று தாளில் ஒட்டி அடுக்கியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கை பறித்தவை. தாளின் மூலையில் பறித்தவர் பெயர் என்று வேறு பெயர் இருக்கும். அதனால் என்ன, செடிக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன் கடத்தூர்ப் பக்கம் புளி உலுக்கப் போவேன், விறகுக்குப் போவேன். ஒருநாள் விறகுக் கட்டோடு ரோட்டோரம் நின்றபோது ஒரு ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். செடி கொடிகளைக் கணக்கெடுக்கும் ஆபீசின் அதிகாரி. அவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

“ஏம்மா, மாசியில முதல்ல பூக்கிறதெல்லாம் இந்தப் பக்கம் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்.

“எந்தப் பூவுங்க? புரசு ஏரிக்கரையில இருக்குது. கோங்கு பாறை மேட்டுல. குமிழு ஓடையோரம், அது இன்னும் நாலு நாள் ஆகும். எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்கணும்னா சினிமாவுக்குத்தான் போகணும்” என்றேன்.

ஜீப்பை ஓட்டி வந்த பாய் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். விறகுக் கட்டையும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு ஏறினேன். அப்படி ஏறியவள் இறங்குவதற்குள் தலை நரைத்துவிட்டது.

முதல் நாள் ஓடையோரம் மண்ணோடு மண்ணாக ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் பூத்திருந்த ஒரு செடியைக் காட்டி, “அதுல கொஞ்சம் எடுத்து வைம்மா, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஐயா மேட்டின் மேல் ஏறிப் போனார். நானும் எடுத்தேன். அவர் திரும்பி வர நேரமானது. சும்மா உட்கார்ந்திருக்கிற கையா இது? பக்கத்தில் கற்றாழை இருந்தது. மடலைக் கல்லில் தட்டி நார் எடுத்து, பூவைக் காம்போடு கிள்ளி, நெருக்கமாக ஒரு முழம் தொடுத்து வைத்தேன். உதிரியாக மிஞ்சிய நாலு பூவை என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

ஐயா வந்து பார்த்தார். வேர் எங்கே, தண்டு எங்கே, இலை எங்கே என்று அவர் கண் தேடியது. ஒரு முழம் சரம்தான் இருந்தது.

“இதை நான் எந்தத் தாள்ல ஒட்டறது?” என்றார் மெதுவாக.

“தாளு எதுக்குங்க ஐயா? ஜீப்புக்குப் போட்டுடலாம்” என்றார் பாய். சொன்னதோடு நிற்காமல் போட்டும் விட்டார். அந்தச் செடி அந்த ஓடையில் அவ்வளவுதான் இருந்தது. மறுபடி அதைப் பிடிக்க ஐயாவுக்கு அடுத்த மாசி வரை ஆனது.

அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் விறகுக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பேன். எனக்கு ரோசம் அதிகம். அவர் திட்டவில்லை. வேறொரு செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, பழைய பேப்பர் மடிப்பில் படுக்க வைத்துக் காட்டினார். “பூ மட்டும் இருந்தா அது அழகு. முழுசா இருந்தாத்தான் அது அடையாளம். பாத்ததை மட்டும் எழுதணும், இருக்கிறதை இருக்கிற மாதிரி வைக்கணும். இந்த வேலையில வேற ஒண்ணுமில்ல” என்றார். வேலையெல்லாம் அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். மீதியை ஒரு மரம் கற்றுக் கொடுத்தது.

அந்த மரத்தின் கதைக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம் அது. அதுவும் மாசிதான். ஏரியூர்ப் பக்கம் ஒரு பாறைக் கரட்டுக்குப் போயிருந்தோம். வெயில் அப்போதே காய ஆரம்பித்துவிட்டது. கரட்டின் உச்சியில், பாறை வெடிப்புக்குள் வேரை விட்டுக்கொண்டு ஒற்றை மரம். ஒரு இலை கிடையாது. மொட்டைக் கிளை முழுவதும் கொத்துக் கொத்தாக, காவியும் சிவப்பும் கலந்த நிறத்தில் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பாறையின் மேல் அடுப்பு மூட்டியது போல இருந்தது. பூப் பூத்தால் நான் பெயர் சொல்லாமல் விடமாட்டேன். அந்த மரத்துக்கு மட்டும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஐயாவுக்கும் தெரியவில்லை. அதைவிட சந்தோஷம் அவருக்கு வேறில்லை. பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இலையைப் பாக்காம இது இன்னதுன்னு சொல்ல முடியாது. வைகாசியில கோடை மழைக்கு அப்புறம் தளிர் விடும். அப்ப வந்து இதே மரத்துல இலை எடுக்கணும். பக்கத்து மரமெல்லாம் ஆகாது” என்றார்.

பூ ஒரு மரத்தில், இலை வேறு மரத்தில் எடுத்து ஒரே தாளில் ஒட்டினால், ஒருத்தியின் தலையை இன்னொருத்தியின் உடம்பில் ஒட்டிய போட்டோ மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் மரத்துக்கு எண் போட்ட தகரத் தகடு அடித்துவிட்டு வருவோம். இலை விட்ட பிறகு எல்லா மரமும் பச்சையாக நிற்கும்போது, அந்தத் தகடு ஒன்றுதான் நமக்குத் துணை.

“தகடு எடும்மா” என்றார் ஐயா.

தோள்பையில் கைவிட்டேன். தகடும் இல்லை, ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. காலையில் பென்னாகரத்தில் கிளம்பும்போது அந்த ஆணியெல்லாம் என் களி உருண்டையைக் குத்துகிறது என்று எடுத்து, தங்கியிருந்த அறையின் ஜன்னலில் வைத்தேன். வைத்தது வைத்தபடியே இருக்கிறது. கேழ்வரகுக் களிக்கு இடம் பண்ணி ஆபீஸ் சாமானை அறையில் விட்டுவந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐயா திட்டாமல் நோட்டைப் பிரித்துக் குறிப்பு எழுதப் போய்விட்டார். அதுதான் சுட்டது. அந்தச் சமயத்தில் என் வேலையே தொங்கலில் இருந்தது. பொம்பளையைக் கரட்டுக்கும் காட்டுக்கும் கூட்டிக்கொண்டு அலைவது தேவையா என்று மேலே யாரோ கேட்டு எழுதியிருந்தார்கள். வைகாசிச் சுற்று முடிந்ததும், என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று ஐயா பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலில் எழுத இந்த மரத்தைவிட நல்ல விஷயம் அவருக்குக் கிடைக்காது. பெயர் தெரியாத மரம், கண்டுபிடித்தது நான், இலையும் கொண்டு வந்தது நான் என்றால் மேலே வாயை மூடிக்கொள்வார்கள். இலை வராவிட்டால் நான் திரும்ப விறகுக்குத்தான்.

“பரவாயில்லீங்க, நான் அடையாளம் வைக்கிறங்க” என்றேன்.

களி இருந்தது ஒரு மஞ்சப்பையில். துணிக்கடையில் கொடுப்பார்களே, மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்டு, அந்தப் பை. களி உருண்டையை அது சுற்றியிருந்த வாழையிலையோடு பாறை மேல் ஓரமாக வைத்துவிட்டு, பையின் அடிப்பக்கத்தைப் பல்லால் கடித்து ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, மரத்தைச் சுற்றி இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். தாலி கட்டின மாதிரி அவிழாது என்று பாயிடம் பெருமை வேறு பேசினேன்.

திரும்பிப் பார்த்தால் களியில் பாதியைக் காணோம்.

“பாய், பசிச்சா கேட்டுச் சாப்பிட வேண்டியதுதானே?”

“அல்லா சத்தியமா நான் தொடலைக்கா.”

“அப்ப ஐயா சாப்பிட்டாரா?”

ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் மனதில் விடவில்லை. மூன்று மாதம் பாய் முன்னால் நான் சோற்று மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

வைகாசி வந்தது. மழையும் நன்றாகப் பெய்திருந்தது. ஐயா, பாய், நான் மூன்று பேரும் கிளம்பினோம். இந்த முறை தகடு, ஆணி, சுத்தியல், கத்தரி, கிளை இழுக்கத் தொரட்டி என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணி எடுத்து வைத்தேன். களியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

கரட்டின் அடியில் ஜீப்பை நிறுத்தும்போதே மேலே மணிச் சத்தம் கேட்டது.

“ஐயா, போன தடவ இங்க கோயில் இருந்துச்சுங்களா?” என்றார் பாய்.

“இல்லையே.”

மேலே ஏறினோம். என் மரம் இருந்தது. குடை விரித்த மாதிரி இலை விட்டு, கொழுகொழுவென்று நின்றது. என் மஞ்சப்பைக் கிழிசல் இருந்தது. அதன் மேல் சந்தனம், குங்குமம். அடியில் மூன்று கல், மூன்றுக்கும் மஞ்சள் பூசியிருந்தது. ஒரு சூலம், எலுமிச்சம்பழம், கண்ணாடி வளையல்கள், கிளையில் ஒரு வெண்கல மணி, மணிக்குப் பக்கத்தில் யாரோ புடவைத் துணியில் கட்டிய குட்டித் தொட்டில். வெள்ளிக்கிழமை வேறு. பத்துப் பதினைந்து பேர் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

 நான் வைத்த அடையாளம் சாமியாகிவிட்டது.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பாயின் தோளில் இருந்த தொரட்டியைப் பார்த்தார். “தொரட்டி எதுக்குங்க? ஆத்தா மரத்துல யாரும் கை வைக்கிறதில்ல. தழ ஒடிச்ச ஒருத்தனுக்குக் கை வீங்கிப் போச்சுங்க.”

“பாம்பு கீம்பு இருந்தா தள்ளிவிடறதுக்குங்க” என்றார் பாய். பொய் சொன்னது அவர். நான் சொல்லவில்லை.

மூன்று பேரும் ஒரு பாறை மறைவுக்கு வந்தோம். ஐயா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “நம்மகிட்ட அனுமதி இருக்கு. ஒரு சின்னக் கிளைதான். சொல்லிட்டு வெட்டிக்கலாம்.”

“ஐயா, அந்தப் பர்மிட்டு அம்மனுக்குக் காட்டணுங்களா, பூசாரிக்குக் காட்டணுங்களா?” என்றார் பாய்.

“பக்கத்துல இதே மாதிரி வேற மரம் இல்லையாம்மா?” என்று ஐயா என்னைக் கேட்டார். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாகிவிட்டது. வேறு மரம் இருந்தாலும் ஆகாது என்று அவரே சொன்னதாயிற்றே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்காக அவர் தன் பேச்சையே மாற்றப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

பாய் என் பக்கம் குனிந்தார். “அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். நீங்க சாமி ஆடுங்க. முடிய அவுத்து வுட்டு, ஒரு சுத்து சுத்தி, எனக்கு எலை வேணும்டா, இந்தக் கண்ணாடிக்காரன் கையில குடுங்கடான்னு கேளுங்க. குடுக்காம எங்க போவாங்க?”

சிரித்தேன். சிரித்துவிட்டு யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், யோசித்தேன். எனக்குச் சாமியாடத் தெரியும். எங்கள் ஊர்ப் பண்டிகையில் எத்தனை பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் பல்லைக் கடிக்க வேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் கேட்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. கை கொண்டைக்குப் போய்விட்டது. ஒரு முடிச்சை அவிழ்த்தும் விட்டேன்.

அப்போது அந்தக் குட்டித் தொட்டில் காற்றில் ஆடியது. அதன் அடியில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

நான் இப்போது ஆடினால் இலை கிடைக்கும். கிடைத்ததும் ஐயா அதைப் பேப்பரில் மடித்துக்கொண்டு போவார். அந்தப் பெண் என் காலில் விழுந்து, “ஆத்தா, எனக்கு எப்ப?” என்று கேட்பாள். நான் என்ன சொல்வது? அடுத்த வைகாசி என்றா? பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று தாளுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். வாய்க்கு வேறு சட்டமா?

சரி, எல்லோர் முன்னாலும் போய், “இது என் மஞ்சப்பைங்க, நான் கட்டினது” என்று உண்மையைச் சொல்லிவிடலாமா? அதற்கும் வாய் வரவில்லை. வெயிலில் ஏறிவந்து பொங்கல் வைக்கிறவர்களிடம், நீங்கள் என் களிப்பையைக் கும்பிடுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது?

கொண்டையை முடிந்துகொண்டேன். “ரெண்டும் வேண்டாம். கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கும்பிட வந்தவர்களோடு வரிசையில் நின்றேன்.

பூசை செய்தது ஒரு ஆட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் குங்குமத் தட்டு, மற்றொரு கையில் ஆடு ஓட்டும் கோல். பொங்கல் பானைப் பக்கம் வந்த செவலை ஆட்டை, “ஓகு, ஓகு” என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டே எங்களுக்குத் தமிழில் குங்குமம் வைத்தாள்.

என் முறை வந்தது. மெதுவாகச் சொன்னேன். “அம்மா, உங்ககிட்ட ஒண்ணு தனியாப் பேசணும்.”

“தனியா எதுக்கு? ஆத்தாளுக்குத் தெரியாத சங்கதியா?”

“ஆத்தாளுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னு பாக்கறன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தட்டை அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் பாறை இறக்கத்துக்கு நடந்தாள். நானும் போனேன்.

“இந்தத் துணி நான் கட்டினதுங்க. மாசியில. நாங்க செடி கணக்கெடுக்கிற ஆளுங்க. மரத்த மறக்காம இருக்க அடையாளத்துக்குக் கட்டினேன். சாமிக்குன்னு கட்டல. இப்ப எங்களுக்கு இந்த மரத்துல ஒரு கொத்து எலை வேணும். எலை இல்லன்னா என் வேல போயிடும். உங்ககிட்ட பொய் சொல்லி வாங்க எனக்கு மனசு வரல.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றேன். அவள் கோலை எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீதான் கட்டினேன்னு தெரியும். அன்னைக்கு அந்தப் பாறைக்குப் பின்னால உக்காந்து எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தன். பல்லால கடிச்சு பையக் கிழிச்சியே, அப்ப உன் களியத் தின்னது இதோ, இந்தச் செவலைதான்.”

செவலை அப்போதும் எதையோ மென்றுகொண்டு என்னைப் பார்த்தது. ஐயோ பாய், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தெரிஞ்சுமா பூச பண்றீங்க?”

அவள் கோலால் கீழே காட்டினாள். பாறையில் ஒரு முழத்துக்கு ஒன்றாக வட்ட வட்டத் துளைகள். நூல் பிடித்த மாதிரி வரிசையாக மேலே ஏறி வந்து, மரத்துக்கு நாலு எட்டு முன்னால் நின்றிருந்தன. மாசியில் அவை இல்லை.

“நீ கட்டிட்டுப் போன நாலாம் நாளு கல் ஒடைக்கிற ஆளுங்க வந்தாங்க. இந்தக் கரட்டையே அறுத்து லாரியில ஏத்தறதுக்கு. நாலு நாள் தொள போட்டாங்க. மரம் போச்சுன்னா வெயிலுக்கு என் ஆடு ஒதுங்க இங்க வேற எடம் இல்ல. பாறைக்கு அடியில ஊத்து இருக்குது, அதுவும் போயிரும். நான் சொன்னா யாரு கேப்பாங்க? உன் துணியப் பாத்தன். மூணு கல்லு எடுத்து வெச்சன், குங்குமத்தக் கொட்டுனன், ஆத்தா எறங்கிட்டான்னு நின்னன். தொள போட்ட ஆளுங்களே மொதல்ல வுழுந்து கும்பிட்டாங்க. அவங்க மேஸ்திரி சூடம் வாங்கியாந்தான். அடுத்த வாரம் மிசினத் தூக்கிட்டு வேற கரட்டுக்குப் போயிட்டாங்க.”

“அப்ப பொய்தானா?”

அவள் செவலையின் முதுகைத் தடவினாள். “மொத நாளு பொய்தான் அக்கா. ரெண்டாவது வாரம் இந்தச் செவலை வயிறு உப்பி வுழுந்துருச்சு, செத்துதுன்னே நெனச்சன். ஆத்தான்னு ஒரு கொரல் குடுத்தன். எந்திரிச்சு நின்னுருச்சு. அதுக்கப்புறம் எனக்கே தெரியல.”

என் களியைத் தின்ற மாதிரி பொங்கலையும் தின்று வயிறு உப்பியதோ என்னவோ. அதை நான் சொல்லவில்லை.

“அந்தத் துணியில என்னமோ எழுதியிருக்குதே, பள்ளிக்கூடத்துப் பையன் படிச்சான். ‘மீண்டும் வருக’ன்னு போட்டிருக்குதாம். அதான் ஆத்தா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வரச் சொல்றான்னு ஊரே வருது” என்றாள். கடைக்காரர் அச்சடித்தது. எனக்கு அப்போது அதைப் படிக்கக்கூடத் தெரியாது. நான் சிரிப்பை அடக்கியதை அவள் பார்த்தாள், அவளும் அடக்கினாள், பிறகு இரண்டு பேராலும் முடியவில்லை. பாறை மறைவில் இரண்டு கிழடாகப் போகிற பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து மணியை அடித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். “எலை வேணும், அவ்வளவுதானே? இரும்பு படக்கூடாது. தொரட்டியக் கீழ கொண்டுபோகச் சொல்லு. நான் கையால ஒடிச்சுத் தரன். எல்லார் கண்ணு முன்னாலயும் வாங்கிக்கோ. திருட்டுத்தனமா எடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு எடுப்பாங்க. ஆனா ஒண்ணு, அந்தத் துணி வெயில்ல நைஞ்சு போச்சு. வருசா வருசம் மாசியில நீதான் புதுத் துணி கொண்டாரணும். ஊர்ல வாங்கிக் கட்டலாம். ஆனா கட்டுன கைதான் கட்டணும்.”

“எழுத்துப் போட்டதா, போடாததா?”

“போட்டதே கொண்டா.”

அவள் மரத்தடிக்குப் போனாள். மணியை அடித்தாள். “இந்தம்மா தூரத்துல இருந்து வந்திருக்குது. பொழப்புக்கு வேண்டி நிக்குது. ஆத்தா தழ குடுக்கச் சொல்றா” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, கடைசி வார்த்தையைத் தவிர. அதுவும் பொய்தானா என்று எனக்கும் அன்றைக்குப் பிறகு தெரியவில்லை. கிளையை வளைத்து, நுனித் தளிரோடு ஒரு சாண் நீளத்துக்குக் கையால் ஒடித்து, குங்குமத்தைத் தூவி, என் முந்தானையில் போட்டாள். தொட்டில் கட்டிய பெண்தான் முதலில் குலவை போட்டாள்.

கீழே வந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகடு மறந்ததில் ஆரம்பித்து, துளை வரைக்கும், செவலை வரைக்கும். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நானும் எத்தனையோ மரத்துக்குத் தகடு அடிச்சிருக்கேன். ஒரு மரத்துக்குக்கூட யாரும் தேங்காய் உடைச்சதில்லை” என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான்.

பாய் பக்கம் திரும்பினேன். “பாய், களி சாப்பிடறீங்களா?”

“மூணு மாசம் கழிச்சாக்கா?” என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார். முழுதாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பென்னாகரத்து அறையில் இலையைப் பேப்பரில் பரப்பும்போது ஐயா குங்குமத்தை ஊதினார், தூரிகையால் தட்டினார். தளிரின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. “விட்டுடுங்க ஐயா. இருக்கிறத இருக்கிற மாதிரிதானே வைக்கணும்?” என்றேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். குறிப்பு எழுதும்போது, இலையில் தெரியும் சிவப்பு மரத்தினுடையது அல்ல, குங்குமம் என்று ஒரு வரி சேர்த்தார். ஊர்ப்பெயர் என்று தாளில் ஓர் இடம் விட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“அவங்க அந்த மரத்தை என்னன்னு சொல்றாங்க?”

“மஞ்சத்துணியாத்தா.”

அதையும் எழுதினார். மரத்தின் பெரிய பெயரைப் புத்தகங்களைப் புரட்டி அவர் கண்டுபிடிக்க அந்த வருடம் முழுவதும் ஆனது. மேலே அனுப்ப வேண்டிய பதிலை மட்டும் அன்றே உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பிறகு விறகுக்குப் போகவில்லை, அது தெரியும்.

பிள்ளைகளே, உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் அதை எந்த ஆளிடம், எந்த இடத்தில் சொல்வது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிஷம் வரிசையில் நிற்பது போலத் தெரியட்டும், தப்பில்லை. பெரிய அதிகாரிகள் காகிதத்தை எடுப்பார்கள், டிரைவர்கள் வேஷம் கட்டச் சொல்வார்கள். இரண்டு பேரும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்வார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இடது பக்கம் மாசிப் பூ, வலது பக்கம் வைகாசி இலை. இலையின் மேல் செம்பொடி தெரியும். பூஞ்சை என்று நினைத்து யாரும் துடைத்துவிடாதீர்கள்.

வேலையில் இருந்தவரை ஒவ்வொரு மாசியும் போய்க் கட்டினேன். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். ஆட்டுக்காரி இப்போது கோலை ஊன்றிக்கொண்டுதான் பூசை செய்கிறாள். கரடு அப்படியே இருக்கிறது, துளைகள் நாலு எட்டு முன்னால் நிற்கின்றன. இந்த வருடம் என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கட்டின கைதான் கட்ட வேண்டும் என்று அவள் சொன்னதற்கு வழி கேட்டு ஆள் அனுப்பினேன். “அவ கை தொட்ட துணியா இருந்தாப் போதும், யாரு கொண்டாந்தாலும் நான் கட்டிக்கிறன்” என்று பதில் வந்திருக்கிறது.

அதனால் ஒரு மஞ்சப்பை வாங்கி, நானே கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். இப்போது பல் இல்லை, கத்தரியால்தான் வெட்டினேன், அதை அவளிடம் சொல்ல வேண்டாம். இந்த மாசியில் ஏரியூர்ப் பக்கம் பூத்தேடப் போகிறவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தகடு, ஆணி, சுத்தியல் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் அடிக்காதீர்கள். சாப்பாட்டைக் கீழே வைக்க வேண்டாம், செவலையின் பேத்திகள் அங்கேதான் மேய்கின்றன.